அப்பாவின் டைரியும் ஆலை இன்டர்நெட்டும்



"இண்டஸ்ட்ரியல் இன்டர்நெட்டா? அதெல்லாம் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்க சமாச்சாரம்டா, நமக்கெதுக்கு?" என்றான் பக்கத்து பெஞ்ச் நண்பன். போன வருடம் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் அப்பா ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். அங்கே மோட்டார்கள் மேல் தீப்பெட்டி அளவில் வைப்ரேஷன் சென்சார்களைப் பொருத்தினார்கள். அன்று இரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. "ரிப்பேர் வர்றதுக்கு முன்னாடி அதுவே சொல்லிடுமாம். அப்புறம் நான் எதுக்கு கண்ணு?" என்றார்.

இயந்திரங்கள் பேசுவது ஒன்றும் புதிதல்ல. 1969-ல் மோடிகான் 084 என்ற பி.எல்.சி. வந்து, ரிலேக்களுக்கு மாற்றி மாற்றி வயரிங் செய்யும் வேலையை புரோகிராம் ஆக்கியது. 1979-ல் அதே மோடிகான் வெளியிட்ட மோட்பஸ் இன்றும் எனர்ஜி மீட்டரிலும் டிரைவிலும் ஓடுகிறது. 1999-ல் எண்ணெய்க் குழாய்களை செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக எம்.க்யூ.டி.டி. பிறந்தது. 2011-ல் ஜெர்மனியின் ஹானோவர் கண்காட்சியில் 'இண்டஸ்ட்ரி 4.0' என்றார்கள். 2012-ல் ஜெனரல் எலக்ட்ரிக் 'இண்டஸ்ட்ரியல் இன்டர்நெட்' என்றது. பெயர்தான் புதுசு. சென்சார் விலை குறைந்ததும், தகவலைச் சேர்த்து வைக்க மலிவாக இடம் கிடைத்ததும்தான் உண்மையான மாற்றம்.

சரி, மில்லுக்கு வருவோம். ஒரு நள்ளிரவில் ஒரு மோட்டாருக்கு அலாரம் அடித்தது. "பேரிங்கை மாத்திடுங்க" என்றார் சென்சார் கம்பெனி இன்ஜினியர். காலை ஷிப்டுக்குப் போன அப்பா ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். "பேரிங் நல்லாத்தான் இருக்குங்க. அடி போல்ட்டைப் பாருங்க" என்றார். போல்ட் லூஸ்!

சென்சார் இல்லாவிட்டால் அந்த நள்ளிரவில் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்பா இல்லாவிட்டால் நல்ல பேரிங்கைக் கழற்றி எறிந்திருப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் விஷயமே! பழைய பிரேக்டவுன் விவரம் கொடுத்தால் சாஃப்ட்வேருக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்றார் இன்ஜினியர். மில் ரெஜிஸ்டரில் 'மோட்டார் ரிப்பேர், சரி செய்யப்பட்டது' என்று மட்டுமே இருந்தது. எது கெட்டது, ஏன் கெட்டது என்பதெல்லாம் அப்பாவின் சொந்த டைரியில் இருந்தது. "இதைக் கொடுத்துட்டா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்களோ?" என்று கேட்டார். இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. டைரி இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.

என் கருத்து இதுதான். அந்த அனுபவத்தை வாங்கிக்கொண்டு ஆளை அனுப்பும் ஆலை, அடுத்து வாங்கும் புது மெஷினுக்கு யாரிடம் போய்க் கேட்கும்? டைரியைக் கேட்கிறவர்கள், டைரி எழுதியவருக்கும் அந்த வேலையில் இடம் தரவேண்டும். கம்ப்யூட்டர் திரைக்கும் ஃபிட்டருக்கும் நடுவில் நின்று இரண்டு பேர் பாஷையையும் புரிந்துகொள்ள ஆள் வேண்டும். பழைய மெஷினில் சென்சார் பொருத்தி, பேனலில் வயரிங் செய்து, வருகிற எண் சரியா என்று மெஷினைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் ஆள். அது நாம்தான்!

ஆனால் ஒரு எச்சரிக்கை. 2010-ல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் வைரஸ் பென் டிரைவ் வழியாகவும் பரவக்கூடியது. ஈரானின் நடான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களைக் கெடுத்தது அதுதான். பி.எல்.சி.யோடு இணைத்த கம்ப்யூட்டரில் சினிமாப் பாட்டு ஏற்ற பென் டிரைவைச் செருகும் நண்பர்களே, கவனிக்க!

பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நம் ஒர்க்‌ஷாப் கம்ப்ரஸரில் ஒரு டெம்பரேச்சர் சென்சாரும், பக்கத்தில் ஒரு நோட்டும் வைப்போம். சென்சார் சூட்டைச் சொல்லட்டும். ஏன் சூடானது என்று நாம் எழுதுவோம். எழுதியவன் பெயரையும் மறக்காமல் எழுதுவோம்!

— மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை