பாரெல்லாம் தேடினேன்!

வடசென்னையில் என்ன கிடைக்காது, சொல்லுங்கள் பார்ப்போம். காசிமேட்டில் விடியற்காலையில் ஐஸ் படாத இறால் கிடைக்கும். பீச் லைனில் வாழைத்தண்டு சூப்போடு அத்தோ கிடைக்கும். திருவொற்றியூரில் வடிவுடையம்மன் தரிசனம் கிடைக்கும். ராயபுரத்துக்கு 1856-லேயே ரயில் கிடைத்துவிட்டது. தென்னிந்தியாவிலேயே முதல் ஸ்டேஷன்!

ஆனால், வேலை முடிந்து வருகிற ஒரு மனுஷன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரே ஒரு பியரை வைத்துக்கொண்டு, சிநேகிதனோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு, போன காலோடு வீடு திரும்ப ஓர் இடம்? ம்ஹூம்.

தண்டையார்பேட்டையில் ஒரு டீக்கடையில் விசாரித்தேன். "இங்கே பக்கத்துல நல்ல பப் ஏதாவது இருக்கா?"

"எக் பப்ஸ் தீந்துபோச்சு சார். வெஜிடபிள்தான் கீது. சூடு பண்ணித் தரட்டா?"

சிரிக்காதீர்கள். தப்பு அவர் மேல் இல்லை. பெங்களூரில் பப் நடத்த ஒரு பப் இருந்தால் போதும். தமிழ்நாட்டில் தனியார் யாராவது கிளாஸில் ஊற்றிக் கொடுக்க வேண்டுமென்றால், ஒன்று கிளப்பாக இருக்கணும், அதற்கு எஃப்.எல்.2 லைசென்ஸ். இல்லையா, தங்கும் அறைகளோடு ஸ்டார் ஓட்டலாக இருக்கணும், அதற்கு எஃப்.எல்.3. அதாவது நாலு பேருக்கு பியர் ஊற்ற ஆசைப்பட்டால், முதலில் கட்டில், மெத்தை வாங்க வேண்டும்! கன்டெய்னர் லாரிக்கும் ஃபவுண்டரிப் புகைக்கும் நடுவே எண்ணூரில் வந்து யார் சார் ஸ்விம்மிங் பூல் கட்டுவார்கள்?

நம் ஊர் மதுக்கடை சரித்திரமே ஒரு பூட்டு சாவிக் கதைதான். 1937-ல் சேலத்தில் ராஜாஜி பூட்டினார். 1971-ல் கருணாநிதி திறந்தார். 1974-க்குள் அவரே மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1987-ல் கள், சாராயத்தை மட்டும் அவரே மூடினார். 2003-ல் ஜெயலலிதா ஆட்சியில் அரசாங்கமே சில்லறைக் கடையின் கல்லாவில் உட்கார்ந்துகொண்டது. இத்தனை திறப்பு, மூடலில் குடிக்கிறவன் எங்கே உட்காருவான் என்று யாருமே யோசிக்கவில்லை.

டாஸ்மாக் கடைக்குப் பக்கத்தில் 'பார்' என்று ஒரு போர்டு இருக்குமே, அது? டெண்டர் நோட்டீஸைப் படித்துப் பாருங்கள். (பி.காம். படித்தவனுக்கு டெண்டர் நோட்டீஸ் என்றால் தீபாவளி மலர் மாதிரி!) பார் எடுப்பவருக்கு அதில் தரப்படும் உரிமை இரண்டே இரண்டு. தின்பண்டம் விற்கலாம். காலி பாட்டில்களைச் சேகரிக்கலாம். தீர்ந்தது. சட்டத்தின் கண்ணில் அவர் சுண்டல்காரர் கம் பழைய பாட்டில் வியாபாரி. நீங்கள் எவ்வளவு சீக்கிரம் காலி பண்ணுகிறீர்களோ, அவ்வளவு சீக்கிரம் அவருக்கு பாட்டில். அவர் எப்படி உங்களுக்கு நாற்காலி போடுவார்?

ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரை மூன்று சனிக்கிழமை சுற்றியதில் மூன்று ரகம் தென்பட்டது.

முதல் ரகம், ஷீட் போட்ட கொட்டகை. ஃபேன் உண்டு. பார்க்காரர் தலைக்கு மேலே.

இரண்டாவது, நின்றபடி குடிக்கும் ரகம். மார்பு உயரத்துக்கு ஒரு சிமென்ட் திட்டு, அவ்வளவுதான். "உட்கார இடமே இல்லையாப்பா?" என்று கேட்டேன். "இன்னா சார், கல்யாணத்துக்கா வந்துகிற? அட்ச்சிட்டுப் போய்க்கினே இரு!" என்றார் பையன்.

மூன்றாவது, லாரி மறைவில் ஓப்பன் ஏர். ஃபைவ் ஸ்டார் என்ன, தலைக்கு மேல் ஆயிரம் ஸ்டார். ஆனால், எந்த நிமிஷமும் போலீஸ் வரும். நெஞ்சு படபடக்கக் குடிப்பதற்கு பேசாமல் வீட்டில் கரன்ட் பில் பார்க்கலாம்.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். சைட் டிஷ்! நெத்திலி வறுவலும் சுறாப்புட்டும் வடசென்னை பார்களில் வருகிற ருசியை எந்த ஸ்டார் ஓட்டலும் தொட முடியாது. கேரளாவில் கப்பையும் மீன்கறியும் சாப்பிடவே குடும்பத்தோடு கள்ளுக்கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நம் காசிமேட்டு நெத்திலிக்கு அந்த யோகம் இல்லை.

இப்போது கொஞ்சம் கணக்கு. கடையில் விற்கிற பிராந்தியில் சின்ன பாட்டில் குவார்ட்டர். 180 மில்லி, 42.8 சதவிகிதம். அதாவது சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி; எடையில் சுமார் 60 கிராம். ஒரு பெக் போதும் என்கிற நல்ல பிள்ளைக்கு இங்கே வழியில்லை. அதனால்தான் 'கட்டிங்' பிறந்தது. கடை வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் காதோரம் வந்து, "கட்டிங் போலாமா சார்?" என்பார். 1932-ம் வருஷத்து பார்ட்னர்ஷிப் சட்டத்தில்கூட இவ்வளவு வேகம் கிடையாது. பத்திரம் இல்லை, சாட்சி இல்லை, முதலீடு பாதிக்குப் பாதி, பத்தே நிமிஷத்தில் கூட்டு கலைந்துவிடும்! இப்படி ஜோடி தேடி நிற்கிறார்கள் என்று 2023-ல் துறை அமைச்சரே பேசினார். 90 மில்லி பாக்கெட் கொண்டுவரும் யோசனையும் வந்தது. உடனே எதிர்ப்பும் வந்தது.

ஜோடி கிடைக்காதவன் என்ன செய்வான்? முழு குவார்ட்டரையும் நின்றபடி பத்து நிமிஷத்தில் இறக்குவான். ஈரல் மணிக்கு பத்து கிராம் அளவுக்குத்தான் வேலை பார்க்கும். அதற்கு ஓவர்டைம் பழக்கம் இல்லை. ராத்திரி ஒன்பதரைக்கு உள்ளே போனது வெளியேற விடியற்காலை மூன்றரை ஆகிவிடும். ஆறு மணி ஷிஃப்டுக்கு மிஷின் முன்னால் நிற்க வேண்டியவன் கதையை யோசித்துப் பாருங்கள்.

எண்ணூரில் ஃபிட்டராக இருக்கும் ஒரு நண்பர் சொன்னார்: "உக்காந்து பேசிக்கினே குட்ச்சா, பாதியிலயே போதும்னு தோணும் சார். நின்னுக்கினு அட்ச்சா, முழுசும் உள்ளே போற வரைக்கும் ஒண்ணுமே தோணாது." இதைவிடத் தெளிவாக எந்த டாக்டரும் சொல்ல முடியாது.

நாற்காலி போட்டால் குடி பெருகாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், நாற்காலி இல்லாமலே 2023-24-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய்!

பிறகு அந்த எண்ணூர் ரோடு. துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகள். அதற்கு நடுவே பைக்கில், உள்ளே குவார்ட்டரோடு ஒருவர். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினாலே குற்றம். பத்தாயிரம் ரூபாய் அபராதம். அபராதம் கட்டினவர் அதிர்ஷ்டசாலி என்பேன். அவர் வீடு போய்ச் சேர்ந்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பதினோரு மணி வரை காத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும், நல்ல பார் என்றால் என்னவென்று. போன ஆள் போன மாதிரியே திரும்பி வருவதுதான் நல்ல பார்.

ஆகவே, தேடிப் போகிறவர்களுக்கு நாலு பரீட்சை சொல்கிறேன். ஒன்று, மெனுவுக்கு முன்னால் கழிவறையைப் பாருங்கள். இரண்டு, வெளியே வருகிறவரைப் பாருங்கள். பேசிக்கொண்டே வந்தால் நல்ல இடம். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தால் திரும்பிவிடுங்கள். மூன்று, சாய்ந்து உட்கார நாற்காலி, எதிரே நெத்திலி. நெத்திலி முதலில், சரக்கு பிறகு. நாலு, மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரமா? 2021-ல் விம்கோ நகர் வரை ரயில் வந்தாயிற்று. பைக் வீட்டிலேயே இருக்கட்டும். ஸ்டேஷன் வாசலில் செக்யூரிட்டி மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார். உள்ளே விட்டால் உங்கள் அளவு சரி. இலவசப் பரிசோதனை!

இந்த நாலிலும் தேறிய பார் உண்டா என்று கேட்கிறீர்களா? ராயபுரம் பக்கம் ஒன்று மூன்றரை மார்க் வாங்கியது. நாற்காலி இருக்கிறது, முதுகுதான் இல்லை. பெயர் மட்டும் கேட்காதீர்கள். நீங்களெல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டால், நான் நிற்க வேண்டியிருக்கும்!