நடப்பதற்கு ஒரு வழி

நுழையும்முன்

முதுமையில் நோய் வருவது வியப்பன்று. நோய் வந்த பின்னும் நலமாக வாழ இயலுமா என்பதே இன்றைய வினா. அதற்குரிய விடை மருந்துப் பெட்டிக்குள் மட்டும் இல்லை. வீட்டிலும் தெருவிலும் இருக்கிறது என்பதை எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

நோயும் வாழ்வும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேலாவர். மருத்துவம் வாழ்நாளை நீட்டித்துள்ளது. அதனோடு நோயுடன் வாழும் ஆண்டுகளும் நீண்டுள்ளன. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம் ஆகியவை பெரும்பாலும் முற்றிலும் நீங்குவதில்லை. அவற்றைக் கட்டுக்குள் வைத்திருக்கவே முடியும். ஆதலால் முதியோர் நலத்தை இரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள எண்களைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. பிறர் துணையின்றிக் குளித்து உடுத்தவும், கடைத்தெருவுக்குச் சென்று மீளவும், நண்பரோடு அமர்ந்து உரையாடவும் முடிகிறதா என்பதே உண்மையான அளவுகோல்.

இந்நோக்கு சென்னைக்குப் புதிதன்று. முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவை 1978ஆம் ஆண்டிலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கியவர் மருத்துவர் வி. எஸ். நடராசன். முதியவரின் உடலை மட்டுமன்றி, அவரது மனத்தையும் குடும்பச் சூழலையும் சேர்த்துக் காண்பதே முதியோர் மருத்துவத்தின் அடிப்படை.

சிறு பழக்கங்கள்

நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகின்றன, தசையும் வலுப்பெறுகிறது. வலுவிழந்த கால் எளிதில் தடுக்கி விழும். முதுமையில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் வாழ்க்கைமுறையே மாறிவிடக்கூடும். வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பும், நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பும் உலக நலவாழ்வு அமைப்பின் பரிந்துரைகள். ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு ஆகியவற்றின் உப்பும் இக்கணக்கில் சேரும்.

வேறு சில பழக்கங்கள் உள்ளூர் வாழ்வோடு பிணைந்தவை. நீண்டகால நீரிழிவால் பாத உணர்ச்சி குன்றியவர், நண்பகலில் சூடேறிய கோயில் பிரகாரத்தில் வெறுங்காலுடன் வலம்வந்தால் தோல் வெந்ததைக்கூட அறியமாட்டார். நீரிழிவு மாத்திரை உண்பவர், மருத்துவரைக் கேளாமல் ஏகாதசி நோன்பிருந்தால் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். வழிபாட்டைக் கைவிட வேண்டுவதில்லை. நேரத்தையும் முறையையும் மாற்றிக்கொண்டால் போதும்.

யார் பொறுப்பு?

'வயதானவர்கள் சொன்னால் கேட்பதில்லை' என்பது பல இல்லங்களில் ஒலிக்கும் குறை. பழக்கத்தைத் தனிமனித உறுதியாக மட்டுமே கருதுவதால் எழும் குறை இது. ஆனால், சென்னையில் நிகழ்ந்த ஓர் ஆய்வு வேறோர் உண்மையைக் காட்டுகிறது.

மருத்துவர் வி. மோகன் தலைமையிலான ஆய்வாளர்கள் 1996ஆம் ஆண்டில் இரு குடியிருப்புகளை ஆராயத் தொடங்கினர். ஒன்று, திருமங்கலத்தில் நடுத்தர வருவாயினர் வாழும் ஏசியாடு குடியிருப்பு. மற்றொன்று, தியாகராய நகரில் குறைந்த வருவாயினர் வாழும் பாரதி நகர். நடைப்பயிற்சியின் தேவையை உணர்ந்த ஏசியாடு குடியிருப்பினர், நடக்க இடமில்லாக் குறையைத் தீர்க்கத் தாமே பொருள் திரட்டிப் பூங்கா ஒன்றை அமைத்தனர். வாரத்தில் மும்முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் அங்கு நூற்றுக்கு 14 பேர் என்ற நிலையிலிருந்து ஏறத்தாழ 59 பேராக உயர்ந்தனர்.

பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆராய்ந்தபோது, நடுத்தர வருவாயினரிடையே நீரிழிவு 12.4 விழுக்காட்டிலிருந்து 15.4 விழுக்காடாகியிருந்தது. குறைந்த வருவாயினரிடையிலோ 6.5 விழுக்காட்டிலிருந்து 15.3 விழுக்காடாக, இரு மடங்குக்கும் மேலாகப் பெருகியிருந்தது. இவ்வேறுபாட்டிற்குப் பூங்கா ஒன்றே காரணம் எனக் கூற இயலாது. உணவு, தொழில், கல்வி, வருவாய் என யாவும் இதில் பங்கு பெறுகின்றன. எனினும் ஒன்று தெளிவு: நடக்க இடமும் உடன்வர ஆளும் கிடைத்தபோது, அறிவுரை பழக்கமாயிற்று.

தெருவும் மருந்தே

மயிலாப்பூரில் நாகேசுவரராவ் பூங்காவும் தியாகராய நகரில் பனகல் பூங்காவும் உள்ளன. 2019ஆம் ஆண்டில் பாண்டி பசாரின் நடைபாதை அகலப்படுத்தப்பட்டது. ஆயினும், பூங்காவை அடையும் வழியில் பெயர்ந்த கல்லும் நிறுத்தப்பட்ட வண்டியும் நடைபாதையை மறித்தால், எழுபது வயது மூதாட்டி வாகனங்கள் விரையும் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். அச்சத்தால் அவர் வீட்டிலேயே தங்கிவிட்டால், அது சோம்பலாகாது.

வெளியே செல்ல இயலாதோருக்காக 2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், மருந்தையும் இயன்முறை மருத்துவத்தையும் வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. அடையாற்றுக்கு அண்மையில், கிண்டியில், தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் 200 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. இவை போற்றத்தக்கவை. ஆனால், மருத்துவமனையில் கழியும் நாள்கள் சிலவே. மற்ற நாள்கள் எல்லாம் வீட்டிலும் தெருவிலுமே கழிகின்றன. எனவே, உடையாத நடைபாதை, இளைப்பாற இருக்கை, தூய கழிப்பறை, பொறுமையாகச் சாலை கடக்க உதவும் சைகை விளக்கு ஆகியவற்றையும் மருந்துக்கு நிகரான தேவைகளாக உள்ளாட்சி கருத வேண்டும்.

இளையோர் பங்கு

வீட்டில் முதியவருக்கு மட்டும் உப்பில்லாக் குழம்பு தனியே வைக்கப்படும்போது அது தண்டனைபோல் தோன்றும். குடும்பமே உப்பைக் குறைக்கும்போது அது வழக்கமாகும். மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து வைத்தல், பாதத்தில் புண் உள்ளதா எனப் பார்த்தல், மாலையில் அரைமணி நேரம் உடன் நடத்தல் ஆகியவை பள்ளி மாணவராலும் இயலும் செயல்கள். 'நடந்து வாருங்கள்' என்று சொல்வதைவிட, 'வாருங்கள், நடப்போம்' என்று அழைப்பதே பயன் தரும்.