நோயாளியைக் காப்பவரிடம் காசு கேட்பதா?

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்ட தொழிலாளி, உடல் அதை ஒதுக்கித் தள்ளாதிருக்கத் தினமும் மருந்து சாப்பிட்டாக வேண்டும். அந்த மருந்து உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவிடுகிறது. புற்றுநோய் மருந்துகள் பலவும் ரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடுகின்றன. இவர்களுக்குத் தடுப்பூசி போட்டாலும் பலன் குறைவு. நமக்கு நான்கு நாள் காய்ச்சலாக வந்து போவது இவர்களுக்கு எமனாக வரும்.

இவர்களைக் காப்பது எப்படி? சோறு ஊட்டும் மனைவி, உடம்பு துடைக்கும் மகள், வார்டில் படுக்கை மாற்றும் ஆயா ஆகியோர் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசி நூற்றுக்கு நூறு காக்காது. ஆனால் அபாயத்தைக் குறைக்கும். "நோயாளியைத் தனி அறையில் வையுங்கள்" என்கிறார்கள் கனவான்கள். ஒற்றை அறை லைன் வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது?

மத்திய சர்க்கார் செய்தது என்ன? 2022 ஜனவரியில் கொரோனா மூன்றாவது ஊசியை மருத்துவ ஊழியர், முன்களப் பணியாளர், நோயுள்ள முதியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. சரிதான். ஆனால் ஏப்ரல் 10 முதல் 18 வயதிலிருந்து 59 வயது வரையுள்ள மற்றவர்களைத் தனியார் மையத்தில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னது! வீட்டில் நோயாளியைத் தாங்கும் மனைவியும் மகளும் பெரும்பாலும் இந்த வயதினர்தானே?

விலைக் கூத்தையும் பாருங்கள். தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு 600 ரூபாய், 1200 ரூபாய் என்று விற்ற இரண்டு ஊசிகளையும் கம்பெனிகள் அதற்கு முதல் நாள் 225 ரூபாயாகக் குறைத்தன. அப்படியானால் அதுவரை வாங்கியது எதன் விலை? மருந்தின் விலையா, உயிர்ப் பயத்தின் விலையா? மையத்தின் கூலி 150 ரூபாய் வரை தனி. ஜூலை 15-இல் இலவசம் என்றார்கள். அதுவும் 75 நாளைக்குத்தான்!

இன்றும் சர்க்காரின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இன்ப்ளுயன்சா ஊசி இல்லை. வருஷந்தோறும் போடவேண்டிய அந்த ஊசிக்குக் கூலிக்காரன் எங்கே போவான்?

மில் தொழிலாளியின் கூலியில் இ.எஸ்.ஐ.க்கு முக்கால் சதவீதம் பிடிக்கிறார்கள். அது நம் வியர்வை. நோயாளியின் குடும்பத்துக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலும், விவசாயத் தொழிலாளிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவச ஊசி கொடு! ஊசி போடும் நாளுக்குச் சம்பளத்துடன் லீவு கொடு! காண்டிராக்ட் ஆயாவுக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் நிரந்தர ஊழியருக்குரிய அதே பாதுகாப்பைக் கொடு!

தோழர்களே! இது தர்மம் அல்ல, உரிமை. சங்கக் கூட்டங்களில் தீர்மானம் போடுங்கள். ஒன்றுபட்டுக் கேட்டால் கிடைக்கும்!