பனிக்கு டிக்கெட் உண்டு, பேசத்தான் தடை

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். எனக்குப் பனிச்சறுக்கு தெரியாது. நான் பார்த்த அதிகபட்ச குளிர் டிசம்பர் மாதக் கொடைக்கானல். ஆனால் ரேடியோ அலை எங்கே போகும், எங்கே முட்டிக்கொண்டு நிற்கும் என்பதை நாலு வருஷமாகப் படித்து, அதில் அரியரும் வைத்திருப்பவன் என்கிற தகுதியில் இதை எழுதுகிறேன்.

விஷயம் குல்மார்க். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். ஊரே 2650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோண்டோலா என்கிற கேபிள் கார் இரண்டு கட்டமாக மேலே போகிறது. கொங்டூரி வரை 1998ல் போட்டார்கள். அதற்கு மேலே அஃபர்வாட் மலைத்தோள் வரை 2005ல் போட்டார்கள், கிட்டத்தட்ட 3950 மீட்டர். காசு கொடுத்தால் யாரையும் கொண்டுபோய் அந்த உயரத்தில் இறக்கிவிடுவார்கள். 2020லிருந்து கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளும் அங்கே நடக்கின்றன. ஆக, வா வா என்று கூப்பிடுவது அரசாங்கமேதான்.

சரி, ஏறியாச்சு. இறங்குவது எப்படி? குறி போட்ட பாதை ஒன்று இருக்கிறது, அதில் ஆள் நடமாட்டம் உண்டு. ஆனால் வெளிநாட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வருகிறவர்கள் அதற்காக வருவதில்லை. முகட்டிலேயே பக்கவாட்டில் கொஞ்சம் போய், யாரும் தொடாத பனியில் இறங்கத்தான் வருகிறார்கள். சிலர் காட்டுக்குள் புகுந்து தங்மார்க், ட்ராங் வரை போய்விடுவார்கள். ஊருக்குள் செல்போன் சிக்னல் இருக்கிறது. ஆனால் டவருக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு மலை முகடு வந்துவிட்டால் கதை முடிந்தது. இது முதல் செமஸ்டர் பாடம். நம்ம ஊர் ப்ரீபெய்ட் சிம்மோடு போகிறவர்களுக்கு அந்தக் கவலையும் வேண்டாம், ஸ்ரீநகரில் இறங்கியதுமே அது செத்துவிடும். வெளிமாநில ப்ரீபெய்ட் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும்.

உடனே ஒருத்தர், "இன்னும் நாலு டவர் போட்டால் ஆச்சு" என்பார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு டவர் வேண்டும் சார். அதற்குக் கரண்ட் வேண்டும், பனிச்சரிவு அடித்துக்கொண்டு போகாத இடம் வேண்டும். பக்கவாட்டிலிருந்து வரும் அலையை மலை மறைக்கிறதென்றால், மேலேயிருந்து வரும் அலையைப் பிடிக்க வேண்டியதுதானே? உலகம் முழுக்க மலைக்குப் போகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். கார்மின் இன்ரீச் என்று ஒரு கருவி இருக்கிறது. சின்ன மாடல் 100 கிராம்தான். சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற இரிடியம் சாட்டிலைட்டுகளோடு பேசும். கால் உடைந்து கிடந்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், நீங்கள் இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை மீட்புக்காரர்களுக்குப் போய்விடும். 2022 நவம்பரில் ஐபோனிலேயே சாட்டிலைட் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதி வந்தது. முதலில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும், அடுத்த மாதமே பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், அயர்லாந்துக்கும்.

இந்தியாவில்? அந்த 100 கிராம் கருவியைப் பையில் வைத்திருந்தாலே குற்றம்.

ஜோக் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் சாட்டிலைட் கருவி வைத்திருக்கக் கூடாது. இதற்குக் காட்டப்பட்டு வந்த சட்டங்கள் 1885ன் தந்திச் சட்டமும் 1933ன் கம்பியில்லாத் தந்திச் சட்டமும். இரண்டுமே வெள்ளைக்காரன் போட்டவை, ஸ்புட்னிக் மேலே போனதே 1957ல்தான். இவற்றின் இடத்துக்கு 2023ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அப்புறமும் கோவாவிலும் டெல்லியிலும் விமான நிலையத்தில் இன்ரீச்சோடு மாட்டிய வெளிநாட்டு மலையேறிகள் போலீஸ் ஸ்டேஷன் பார்த்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், பயணிகளுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை சொல்லுங்கள் என்று விமானக் கம்பெனிகளிடம் சொன்னது. கருவியை எப்படி முறையாகக் கொண்டுவருவது என்று எளிய வழி சொல்வதை விட்டுவிட்டு, கொண்டுவராதே என்று சொல்ல ஏற்பாடு!

பாதுகாப்புக் காரணத்தை நான் ஜல்லி என்று தள்ளவில்லை. 2008ல் மும்பைக்கு வந்த கொலைகாரர்களிடம் சாட்டிலைட் போன் இருந்தது. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேரைக் கொன்றார்கள், அதுவும் இதே காஷ்மீர்தான். இரிடியம் செய்தி இந்தியாவில் எந்த நிலையத்தையும் தொடாமல் போகிறது, அதை அரசால் கேட்க முடியாது. இது நியாயமான கவலைதான்.

ஆனால் அந்தக் கவலைக்கு இந்தத் தடை என்ன செய்கிறது? துப்பாக்கியோடு எல்லை தாண்டி வருகிறவன் லைசென்ஸ் ஃபாரம் நிரப்பிவிட்டா வருகிறான்? மாட்டுவது யார் என்றால், கருவியை ஒளிக்கக்கூடத் தெரியாமல் ஸ்கேனர் பெல்ட்டில் வைக்கிற அப்பாவி. மேலும் சாட்டிலைட் என்றாலே ஆபத்து என்று இப்போது அரசே நினைக்கவில்லை. 2025 ஜூனில் ஸ்டார்லிங்குக்கே லைசென்ஸ் கொடுத்தார்கள், இந்தியாவுக்குள் கேட்வே வை, அரசு கேட்டால் காட்டு என்று நிபந்தனை போட்டுத்தான். இணையத்துக்கு நிபந்தனை போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு எஸ்ஓஎஸ் பொத்தானுக்குப் போடத் தெரியாதா?

அதுவும் வேண்டாம், சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பிஎஸ்என்எல் வழியாக இன்மார்சாட் போன் இந்தியாவில் அனுமதிக்கப்பட்டதுதான், 2017ல் அந்தச் சேவை முதலில் அரசுத் துறைகளுக்குத்தான் தொடங்கியது. கோண்டோலாவை ஓட்டுவதும் அரசு நிறுவனம்தான். அவர்களே இருபது முப்பது போனை வாங்கி, மேலே போகும் ஒவ்வொரு வழிகாட்டிக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு காலையில் கொடுத்து சாயங்காலம் திரும்ப வாங்கட்டுமே. யார் கையில் எந்தக் கருவி என்று நோட்டில் இருக்கும். (இன்மார்சாட் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்பது. வடக்கு பார்த்த குறுகலான பள்ளத்தில் மலையே அதை மறைக்கலாம். இருந்தாலும் ஒன்றுமே இல்லாததற்கு இது ஆயிரம் மடங்கு மேல்.)

இனி நம்ம ஆட்களிடம் வருகிறேன். வகுப்பில் ஒரு கோஷ்டி பிப்ரவரியில் குல்மார்க் போகத் திட்டம் போட்டிருக்கிறது. "மச்சி, இன்ரீச் கொடுத்திருந்தால் பயமே இல்லைடா" என்று ஒருத்தன் சொல்கிறான். இதுவும் தப்பு. 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வாட்டில் சரிந்த பனியில் போலந்துக்காரர்கள் 2 பேர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று ஒரு ரஷ்யர். 2010 பிப்ரவரி 8 அன்று கிலன்மார்கில் பயிற்சியில் இருந்த ராணுவ வீரர்கள் 17 பேர். பனிக்கு அடியில் புதைந்தவனை எந்தச் சாட்டிலைட்டும் காப்பாற்றாது. பழைய சுவிஸ் கணக்குப்படி 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் 10ல் 9 பேர் பிழைப்பார்கள், 35 நிமிடமானால் 10ல் 3 பேர். 2024ல் வெளியான புதுக் கணக்கு அந்த 15ஐயும் 10 ஆக்கிவிட்டது. பத்து நிமிடத்தில் எந்த ஹெலிகாப்டரும் வராது. பக்கத்தில் நிற்கிற நண்பன்தான் தோண்ட வேண்டும். அதற்கு 457 கிலோஹெர்ட்ஸில் துடிக்கிற பீக்கன் ஆளுக்கு ஒன்று, நீட்டுக் குச்சி, மண்வெட்டி. தேடும்போது செல்போனைப் பீக்கனிலிருந்து 50 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கணும், இல்லாவிட்டால் போனின் இரைச்சலே பீக்கனைக் குழப்பிவிடும்.

சாட்டிலைட் உதவுவது மற்றதற்கெல்லாம். முழங்கால் திருகிப்போனவன், மேகமூட்டத்தில் வழி தவறித் தப்பான பள்ளத்தில் இறங்கியவன், இருட்டுவதற்குள் ஊர் வந்து சேராதவன். இவர்களுக்குப் பத்து நிமிடக் கெடு இல்லை, ஒரு ராத்திரி இருக்கிறது. எங்கே கிடக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த ராத்திரிக்குள் தூக்கி வந்துவிடலாம். தெரியாததால் மட்டுமே ஒருத்தன் விறைத்துச் சாவான் என்றால், அதை இயற்கைச் சீற்றம் என்று எழுதக் கூடாது.

அதனால் மக்களே, டிக்கெட் போடும் முன் உங்கள் வழிகாட்டிக்குப் போன் போட்டுக் கேளுங்கள். பீக்கன் வாடகைக்குக் கிடைக்குமா, வாக்கி டாக்கி இருக்கிறதா (446 மெகாஹெர்ட்ஸ் சின்ன செட்டுகளுக்கு இங்கே லைசென்ஸ் வேண்டாம்), ஐந்து மணிக்குத் திரும்பாவிட்டால் ஊரில் யார் யாரிடம் சொல்வார்கள். போனைப் பறப்பு மோடில் போட்டு உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரும் டவர் தேடலும் சேர்ந்து பேட்டரியைக் குடித்துவிடும். ஆளுக்கொரு விசில் வாங்குங்கள். நிமிடத்துக்கு 6 தடவை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி 6. பதில் நிமிடத்துக்கு 3 தடவை வரும். இது ஆல்ப்ஸில் 1894லிருந்து இருக்கிற முறை. கோண்டோலா டிக்கெட் வாங்கும்போது கவுண்டரில் இருப்பவரிடம் சாட்டிலைட் போன் இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். இல்லை என்றுதான் சொல்வார். பரவாயில்லை, கேளுங்கள்.