பொரியல் வைத்தால் தட்டு காலி!

"இன்னிக்கு தொட்டுக்க என்ன?"

முதுநகரில் மட்டுமல்ல, எந்தப் பள்ளிக்கூடத்திலும் மதிய மணி அடித்ததும் பிள்ளைகள் கேட்பது இதைத்தான்.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க காய்கறி திங்காது" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். தப்பு! சாம்பாரில் குழைந்து கிடக்கும் பூசணியை ஓரம் தள்ளும் அதே பிள்ளை, தனியாக வதக்கிய பொரியல் என்றால் இன்னொரு கரண்டி கேட்கிறது.

1956-ல் காமராஜர் மதிய உணவு கொடுத்தார். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கினார். 1989-ல் கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது. 2013-ல் ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதம் வந்தபோது, கூடவே உருளைக்கிழங்கு வறுவலும் வந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்!

ஆனால் கிழங்கு மட்டும் போதுமா? கத்தரிக்காய் கொத்சுக்குப் பேர்போன சிதம்பரம் பக்கத்தில்தானே இருக்கிறது! அவரை, புடலை, வாழைப்பூ எல்லாம் தட்டுக்கு வர வேண்டாமா?

சிக்கல் காசில் இருக்கிறது. அரிசியும் பருப்பும் சர்க்கார் கிடங்கிலிருந்து வருகின்றன. காய்கறியைச் சத்துணவு அமைப்பாளர்தான் கடையில் வாங்க வேண்டும். கடலூரில் மழையும் புயலும் வந்தால் காய் விலை எகிறும்; ஒதுக்கிய பணம் எகிறாது. பாவம், அவர் என்ன செய்வார்? அரை கிலோ குறைப்பார். பொரியல் போய்விடும், சாம்பாரில் நாலு துண்டு மிதக்கும்.

சந்தை விலை ஏறும்போது காய்கறிப் பணமும் ஏற வேண்டும். வாரம் இரண்டு நாளாவது தனிப் பொரியல் போட வேண்டும்.

சோறு வயிற்றை நிரப்பும். காய்தான் உடம்பைத் தேற்றும். அதிகாரிகள் கவனிப்பார்களா?