உழுவது ஒருத்தர், சிட்டா ஒருத்தர் பேரில்!

ஐப்பசி மழை ஒருநாள் விட்டு வெறித்திருந்த காலை நேரம். மேற்கே மலை பாதிக்குமேல் மேகத்துக்குள் கிடந்தது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மெயின் ரோட்டோரப் புளியமரத்தடி டீக்கடையில் வழக்கமான ஆட்கள் கூடிவிட்டார்கள். மாந்தோப்புக்காரர் முதல் ஆளாக வந்து பெஞ்சின் ஓரத்தைப் பிடித்திருந்தார். பக்கத்தில் நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மில்காரர். எதிர்த்த பெஞ்சில் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய வாத்தியார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பத்திரிகையைப் பிரித்தார்.

"இந்தத் தடவை நம்ம வட்டாரத்துல இருந்தே ஒரு வாசகர் கேள்வி அனுப்பியிருக்கார். கேளுங்க" என்று வாசித்தார். 'ஒரே ஊர், ஒரே மழை. என்னோடு படித்தவர்களில் சிலர் கார் வைத்திருக்கிறார்கள். நான் ஐந்து ஏக்கரை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் நகையை அடகு வைக்கிறேன். வருமானத்தில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு எதனால்? இதைச் சரிசெய்வது அரசாங்கத்தின் வேலையா, அவரவர் பாடா?'

"இதுல என்ன சந்தேகம்? அவரவர் பாடுதான்" என்றார் தோப்புக்காரர் உடனே. "பாடுபட்டவன் மேல வந்தான். அரசாங்கம் இனாமாக் குடுக்கக் குடுக்க ஆளு வேலைக்கு வரமாட்டேங்குது. நூறு நாள் வேலைக்கு 2025-ல 336 ரூபா சம்பளம்னு போட்டான். மரத்தடியில உட்கார்ந்தா அது கிடைக்கும்னா, என் தோப்புல களை எடுக்க எவன் வருவான்?"

"நூறு நாள்னு பேருதான் அண்ணாச்சி. நாடு முழுக்கக் கணக்குப் பார்த்தா வருஷத்துக்குச் சராசரியா அம்பது நாளை ஒட்டித்தான் வேலை கிடைச்சது" என்றார் வாத்தியார். "மிச்ச முந்நூத்திச் சொச்ச நாளும் அவங்க உங்களை மாதிரி ஆளுககிட்டதான் வந்து நிக்கணும். முன்னாடி நீங்க சொன்னதுதான் கூலி. இப்ப பேச வேண்டியிருக்கு. உங்களுக்கு அதுதான் உறுத்துது."

தோப்புக்காரர் டீயை உறிஞ்சினார். பதில் சொல்லவில்லை.

மில்காரர் கேள்வியை வேறு பக்கம் திருப்பினார். "இந்த ஊர்ல 1936-ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில்லு ஆரம்பிச்சார். அதுக்கு முன்னாடி மழை பெஞ்சா சோறு, இல்லாட்டி இல்லை. மாசம் பிறந்தா சம்பளம்ங்கிறதே மில்லு வந்த பிறகுதான். எங்கப்பா சம்சாரி, நான் மில் தொழிலாளி, என் மகன் சென்னையில இன்ஜினியர். இதுல அரசாங்கம் என்ன செஞ்சது?"

"நீங்க எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க மில்காரரே?"

"கவர்மென்டு பள்ளிக்கூடம்தான்."

"மத்தியானம்?"

மில்காரர் சிரித்துவிட்டார். 1956-ல் காமராஜர் தொடங்கிய மதிய உணவைச் சாப்பிட்ட தலைமுறை அவர். தட்டை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடிய கதையை அவரே பலமுறை இதே பெஞ்சில் சொல்லியிருக்கிறார்.

வாத்தியார் விடவில்லை. "கேள்வி கேட்டவர் அஞ்சு ஏக்கரைச் சொல்லி வருத்தப்படுறார். விவசாயக் குடும்பங்களோட வருமானத்தை மத்திய அரசு 2018-19-ல சர்வே எடுத்துச்சு. இந்திய அளவுல ஒரு குடும்பத்துக்கு மாசம் 10,218 ரூபா. அதுல வெள்ளாமையில வந்தது 3,798 தான். கூலி, சம்பளமா வந்தது 4,063. மாடு, ஆடு, கோழியில 1,582. விவசாயக் குடும்பம்னு பேரு, ஆனா பெரிய பங்கு கூலியும் சம்பளமும். அப்ப ஒரே ஊர்ல, ஒரே அஞ்சு ஏக்கர்காரங்க ரெண்டு பேருக்கு நடுவுல எங்க வித்தியாசம் வருது? ஒருத்தர் வீட்டுல மாசச் சம்பளக்காரர் இருக்கார். இன்னொருத்தர் வீட்டுல இல்லை. கார் வாங்கினவர் மண்ணுல இருந்து வாங்கியிருக்க மாட்டார்."

"அப்ப மாம்பழத்துல காசு இல்லேங்கறீங்களா?"

"இருக்கு. யாருக்குங்கறதுதான் கேள்வி. சாப்பிடுறவர் குடுக்குற நூறு ரூபாயில விவசாயிக்கு எவ்வளவு போகுதுன்னு ரிசர்வ் வங்கி ஆய்வு ஒண்ணு 2024-ல வந்தது. தக்காளிக்கு 33, வெங்காயத்துக்கு 36, உருளைக்கிழங்குக்கு 37. மாம்பழத்துக்கு 43. பாலுக்கு மட்டும் ஏறக்குறைய 70. நீங்க பூ எடுக்கும்போதே தோப்பை வியாபாரிக்குப் பேசிவிட்டுடுறீங்க. உங்களுக்கு 43 வருதான்னு நீங்கதான் சொல்லணும்."

தோப்புக்காரர் அதைச் சொல்ல விரும்பவில்லை. சப்பட்டை மாம்பழத்துக்கு ராஜபாளையத்தில் உள்ள பேர் மதுரைச் சந்தை வரை தெரியும். ஆனால் பூப்பிடித்த நேரத்தில் கையில் பணம் இருப்பதில்லை. மருந்து அடிக்க, தண்ணீர் பாய்ச்ச, வீட்டுச் செலவு பார்க்க வியாபாரியின் முன்பணம்தான் உதவுகிறது. பொறுத்திருந்து விற்கிற வசதி உள்ளவருக்கே விலை கிடைக்கிறது.

அந்த நேரம் பால் கேனை சைக்கிளில் கட்டிக்கொண்டு பால்கார அக்கா வந்து நின்றார். தோப்புக்காரருக்குச் சொந்தமான மூணு ஏக்கர் கரிசல் காட்டை ஏழெட்டு வருஷமாகக் குத்தகைக்கு உழுபவர் அவர்தான். இந்தப் புரட்டாசியில் பருத்தி ஊன்றியிருக்கிறார். வீட்டில் ரெண்டு கறவை.

"வாங்க மதினி. பாலுக்குத்தான் நூத்துக்கு எழுபதாமே" என்றார் மில்காரர் கேலியாக.

"சங்கத்துல ஊத்துற வரைக்கும் சரி" என்றார் அக்கா. ஆவின் பசும்பாலுக்கு லிட்டர் 35 ரூபாயோடு 2023 டிசம்பரிலிருந்து 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 38 கொடுத்தது. "தவிட்டு விலை, பிண்ணாக்கு விலை யாரும் கேக்கறதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல புவிசார் குறியீடு குடுத்தாங்க. கோவாவுக்குக் குடுத்தாங்க, எம் மாட்டுக்குக் குடுக்கலையே!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஆனாலும் பாலில் கூட்டுறவுச் சங்கம் ஒன்று விலை சொல்லி வாங்குவதால்தான் தனியாரும் அதற்கு ரொம்பக் கீழே போக முடிவதில்லை என்பதை வாத்தியார் எடுத்துச் சொன்னார். தக்காளிக்கும் மாங்காய்க்கும் அப்படி ஒரு பிடிமானம் இல்லை. கையில் பொருளும் பக்கத்தில் சங்கமும் இருந்தால் பேரம் பேசலாம். பொருள் மட்டும் இருந்தால் கும்பிடத்தான் வேண்டும்.

"பருத்திக்கு வாங்க" என்றார் அக்கா. "விலை என்ன ஆகும்?"

இங்கேதான் பேச்சு சூடானது. வெளிநாட்டுப் பஞ்சுக்கு 2021 பட்ஜெட்டில் 11 சதவிகித இறக்குமதி வரி வந்தது. 2025 ஆகஸ்ட் 19-ல் மத்திய அரசு அதை நீக்கியது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவிகிதம் வரி போட்டுவிட்ட நேரம் அது. துணி ஏற்றுமதி முடங்கினால் திருப்பூரில் தையல் நிற்கும். தையல் நின்றால் ராஜபாளையத்தில் நூல் தேங்கும்.

"மில்லு ஓடணும்ல?" என்றார் மில்காரர். "பஞ்சு விலை ஏறி, நூல் விலை ஏறலைன்னா ஷிஃப்டைக் குறைப்பான். எங்க காலத்துல நிரந்தர வேலை. இப்ப காண்ட்ராக்ட் பிள்ளைகள்தான் அதிகம். மொதல்ல அவுங்க வயித்துலதான் அடி விழும். வரியை எடுத்தது சரிதான்."

"அப்ப எங்க வயிறு?" என்றார் அக்கா.

"உங்களுக்கு ஆதார விலை இருக்கே. 2025-26-க்கு நீண்ட இழைப் பருத்தி குவிண்டால் 8,110, நடுத்தரம் 7,710."

"அதைக் குடுத்து வாங்குற ஆபீஸு எங்கன இருக்குன்னு சொல்லுங்க, நடந்தே போயிடுறேன். கமிஷன் கடையில ஈரம்னு கழிப்பான், தூசின்னு கழிப்பான். அன்னைக்கே காசு வேணும்னா அதுக்கொரு கழிவு."

தோப்புக்காரர் குறுக்கிட்டார். "2025 டிசம்பரோட சலுகை முடியுது. நம்ம மானாவாரிப் பருத்தி மாசியிலதான வெடிக்கும்?"

"முடியட்டுமே அண்ணாச்சி. அதுக்குள்ள வரியில்லாத பஞ்சை வாங்கி குடோனை நிறைச்சுட்டா, மாசியில எம் பருத்தியை யாரு தேடுவா?"

இதற்கு மில்காரரிடம் பதில் இல்லை. வாத்தியார்தான் பேசினார். "பாருங்க, 'அரசாங்கம் தலையிடணுமா வேண்டாமா'ன்னு வாசகர் கேக்கறார். அது தலையிட்டுக்கிட்டேதான் இருக்கு. வரி போட்டா சம்சாரி பக்கம், எடுத்தா மில்லு பக்கம். சும்மா இருந்தாலும் யாரோ ஒருத்தர் பக்கம்தான். 1955-ல அமெரிக்காவுல சைமன் குஸ்நெட்ஸ்ங்கிற பொருளாதார நிபுணர் சொன்னார், தொழில் வளரும்போது ஏற்றத்தாழ்வு முதல்ல கூடும், அப்புறம் குறையும்னு. ரொம்ப நாள் நானும் வகுப்புல அதைத்தான் நடத்தினேன். 2024-ல தாமஸ் பிக்கெட்டியும் மூணு பேரும் சேர்ந்து இந்தியாவுக்குக் கணக்குப் போட்டாங்க. 2022-23-ல மொத்த வருமானத்துல 22.6 சதவிகிதம் மேல இருக்கிற ஒரு சதவிகிதம் பேருக்குப் போகுது. 1922-லருந்து பார்த்ததுல அதுதான் உச்சம்."

"அம்பானி கணக்கு நமக்கெதுக்கு சார்" என்றார் அக்கா. "நம்ம கணக்கைப் பேசுவோம். இந்த மூணு ஏக்கருக்கு வருஷத்துக்கு 6,000 ரூபா கிசான் பணம் வருதுல்ல? யாருக்கு வருது?"

பெஞ்சில் சத்தம் அடங்கியது.

தோப்புக்காரருக்குத்தான் வருகிறது. 2018 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்த அந்தத் திட்டம் பட்டாவைப் பார்த்துத்தான் பணம் போடுகிறது. குத்தகைக்கு உழுபவரை அது கணக்கில் எடுப்பதில்லை. 2021-ல் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தபோது 16.43 லட்சம் விவசாயிகளுக்குப் பலன் கிடைத்தது. அப்போது இந்த மூணு ஏக்கரின் சிட்டாவைக் காட்டித் தோப்புக்காரர் எடுத்திருந்த கடனும் தள்ளுபடியானது. அதே வருஷம் மழையில் காய் அழுகி, அக்கா கந்துவட்டிக்கு வாங்கிக் குத்தகைப் பணத்தை முழுசாகக் கட்டியிருந்தார்.

"தீபாவளிக்கு ரெண்டாயிரம் குடுத்தேனே தங்கச்சி" என்றார் தோப்புக்காரர் மெதுவாக.

"குடுத்தீங்க. இல்லேன்னு சொல்லலை. நீங்க நல்லவரா இருக்கப் போய் குடுத்தீங்க. இப்பப் பயிர்க்காப்பீடு கட்டணும். பருத்திக்கு அஞ்சு சதவிகிதம் பிரீமியம், அதை நான் கட்டிக்கிடுறேன். ஆனா அடங்கல்ல எம்பேரு இல்லாம வி.ஏ.ஓ. எழுதித் தரமாட்டேங்கறார். குத்தகைன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்னார்."

தோப்புக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். அவருடைய தயக்கம் வெறும் கஞ்சத்தனம் இல்லை. 1955-ல் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மறுவருஷம் நியாய வாரச் சட்டம். 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம். உழுபவரை நினைத்த நேரத்தில் எழுப்பக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்தவைதான் மூன்றும். நில உச்சவரம்பும் 1961-ல் 30 தர ஏக்கர் என்று தொடங்கி, 1970-ல் 15 ஆனது. ஆனால் பதிவு செய்தால் நிலம் திரும்பாது என்ற பயம் நிலக்காரர்களிடம் ஊறிவிட்டது. 'பேப்பர்ல மட்டும் எழுதிடாதே' என்று அவருடைய அப்பா சொல்லிவிட்டுப் போனார். அதனால் சுற்றுவட்டாரத்தில் குத்தகை எல்லாம் வாய்வார்த்தை. உழுபவரைக் காக்க வந்த சட்டத்தில் உழுபவர் பேரே ஏறவில்லை.

"ஆந்திராவுல 2019-ல ஒரு சட்டம் போட்டாங்க" என்றார் வாத்தியார். "பதினோரு மாசத்துக்கு மட்டும் ஒப்பந்தம். நில உரிமைக்கு எந்தப் பங்கமும் வராதுன்னு சட்டத்துலயே எழுதிட்டாங்க. அந்தக் கார்டை வச்சு உழுறவங்க கடன், காப்பீடு, நிவாரணம் வாங்கிக்கலாம். ஒடிசாவுல 'காலியா' திட்டத்துல குத்தகைக்காரங்களையும் நிலமில்லாதவங்களையும் சேர்த்தாங்க. ஆந்திராவுலயும் நிலக்காரர் கையெழுத்து வேணும்ங்கறதால நிறையப் பேருக்குக் கார்டு கிடைக்கலைங்கிறது வேற விஷயம்."

"அங்கேயும் எங்கப்பா மாதிரி ஆளுக இருப்பாங்கபோல" என்றார் தோப்புக்காரர்.

மில்காரர் அவரை முழங்கையால் இடித்தார். "என்னைய்யா யோசனை? அந்தம்மா உன் நிலத்தைத் தூக்கிட்டா போகப்போகுது?"

"உனக்கென்ன, உன் சம்பளத்துல யாரும் குத்தகை கேக்க முடியாது" என்று தோப்புக்காரர் சிடுசிடுத்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "பதினோரு மாசம்னு போட்டு எழுதலாம்ல தங்கச்சி? இங்க அது செல்லுமா என்னன்னு வி.ஏ.ஓ.வைக் கேக்கணும். மகன்கிட்டயும் ஒரு வார்த்தை போன்ல கேட்டுட்டு..."

"கேளுங்க அண்ணாச்சி. காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்குது. அதுக்கு முன்னாடி கேளுங்க."

வாத்தியார் பத்திரிகையை மடித்தார். தோப்புக்காரர் அதை வாங்கி வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு, "அக்கா டீயையும் என் கணக்குல எழுதுப்பா" என்றார் கடைக்காரரிடம்.

கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த சில்லறையைக் காட்டினார். அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்திருந்தார்.