புரோகிதர் இல்லாத மன்றம்

வருகிறார் ஆளுநர்! விரிக்கப்பட்டிருக்கிறது செங்கம்பளம்! அணிவகுத்து நிற்கிறது காவல்படை! முழங்குகிறது வாத்தியம்! கிழக்கிந்தியக் கம்பெனி தன் சரக்கைக் காத்துக்கொள்ளக் கட்டிய புனித ஜார்ஜ் கோட்டையிலே, கோடிக்கணக்கான மக்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள் எழுந்து நிற்கிறார்கள். எவருடைய வாக்கையும் கேட்காத, எவருடைய வாக்கையும் பெறாத ஒருவர், பேரவைத் தலைவர் உடன்வர, உள்ளே நுழைகிறார். தமிழ்த்தாய் வாழ்த்து இசைக்கப்படுகிறது. ஆளுநர் ஆங்கில உரையைப் படிக்கிறார். அதே உரையைப் பேரவைத் தலைவர் தமிழிலே படிக்கிறார். நாட்டுப்பண் ஒலிக்கிறது. ஆளுநர் புறப்படுகிறார், அவையும் கலைகிறது.

ஆண்டின் முதல் கூட்டம், முதல் நாள், முதல் அலுவல் இதுதான். கேள்வி இல்லை, விடை இல்லை. உழவனின் கடனைப் பற்றி ஓர் உறுப்பினர் வாய் திறக்க இடமில்லை. நெசவாளியின் கூலியைப் பற்றி ஓர் அமைச்சர் பதில் சொல்லத் தேவையில்லை. மரபாக நடந்து முடிந்தால், ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டிருக்கும் நாள் இது. இதற்குப் பெயர் மக்களாட்சியின் மாண்பாம்!

நாம் கேட்கிறோம்: படிப்பவர் யார்? எழுதியவர் யார்?

எழுதியது அமைச்சரவை. இதை மறுப்பார் எவரும் இல்லை. அரசின் சாதனை, அரசின் திட்டம், அரசின் உறுதிமொழி அனைத்தும் அமைச்சர்கள் கூடி ஒப்புதல் தந்த சொற்கள். படிப்பவரோ டில்லியிலிருந்து அனுப்பப்பட்டவர். பல மாநிலங்களின் உரைகளிலே ‘எனது அரசு’ என்று அவர் சொல்வார். எது அவருடைய அரசு? அவர் அமைத்ததா? அவர் அதற்காகத் தெருத்தெருவாகச் சென்று வாக்குக் கேட்டாரா? தோற்றால் அவர் வீட்டுக்குப் போவாரா? தனக்குச் சொந்தமில்லாத சொல்லை, தனக்குச் சொந்தமில்லாத அரசின் பெயரால், தன்னைத் தேர்ந்தெடுக்காத மன்றத்திலே ஒருவர் ஓதுகிறார். பொருள் அறியாமல் மந்திரம் ஓதுபவரை நாம் கண்டிருக்கிறோம். பொருள் அறிந்தும் பொறுப்பு ஏற்காமல் ஓதுகிற புரோகிதம் இது!

எங்கிருந்து வந்தது இந்தச் சடங்கு? இலண்டனிலிருந்து. அங்கே மன்னர் அரியணையில் அமர்ந்து, அமைச்சர்கள் எழுதித் தந்ததைப் படிக்கிறார். அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே பெயர்த்து நட்டார்கள். ஆனால், தோழர்களே, பெயர்த்தவர்கள் வேரை விட்டுவிட்டுக் கிளையை மட்டும் கொண்டுவந்தார்கள்! 1642ஆம் ஆண்டு, முதலாம் சார்லஸ் மன்னன் ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க ஆயுதம் தாங்கிய ஆட்களோடு காமன்ஸ் சபைக்குள் நுழைந்தான். அதன் பிறகு, காமன்ஸ் சபை கூடியிருக்கும்போது எந்த மன்னரும் அதனுள் அடியெடுத்து வைத்ததில்லை. மன்னர் பிரபுக்கள் சபையிலேதான் உரை படிக்க வேண்டும். அழைத்துவர அனுப்பப்படும் தூதர் வந்ததும், அவர் முகத்துக்கு நேரே கதவு அறைந்து சாத்தப்படும். அவர் மும்முறை தட்டிய பிறகே அது திறக்கும். ‘மன்னனே ஆனாலும் மக்கள் மன்றத்தில் உனக்கு இடமில்லை’ என்று ஆண்டுதோறும் அந்தக் கதவு சொல்கிறது.

முடியரசு நாட்டிலே கதவு சாத்தப்படுகிறது; குடியரசு நாட்டிலே கம்பளம் விரிக்கப்படுகிறது! மேலவை 1986இல் நீக்கப்பட்ட தமிழ்நாட்டிலே ஆளுநர் நுழைவது மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த அந்த ஒரே மன்றத்துக்குள்தான். மன்னருக்கு அங்கே கிடைக்காத உரிமை, மத்திய அரசு நியமித்தவருக்கு இங்கே கிடைக்கிறது. இதற்குப் பெயர் மரபா?

‘அரசியல் சட்டம் விதித்திருக்கிறதே’ என்பார்கள். ஆம், 176ஆம் விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த விதியும் வானத்திலிருந்து வந்த வேதம் அன்று. 1950இல் அது நடைமுறைக்கு வந்தபோது, ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் ஆளுநர் உரை வேண்டும் என்றிருந்தது. அடுத்த ஆண்டே, 1951இல், முதலாவது திருத்தத்தின் மூலம் அதைக் குறுக்கினார்கள்: பொதுத்தேர்தலுக்குப் பின் கூடும் முதல் கூட்டத்தொடர், ஒவ்வோர் ஆண்டின் முதல் கூட்டத்தொடர், இவற்றுக்கு மட்டும் போதும் என்றார்கள். பலமுறை வேண்டும் என்ற சடங்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்று ஆகலாமென்றால், அந்த ஒருமுறையும் வேண்டாம் என்று ஏன் ஆகக்கூடாது?

ஆளுநர் நியமனத்தின் கதையும் அதே போன்றதுதான். அரசியல் நிர்ணய சபை முதலில் எண்ணியது, மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆளுநரை. 1949 மே மாத இறுதியில் அந்த எண்ணம் கைவிடப்பட்டது. நியமன ஆளுநர் வந்தார். அதற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று, முதலமைச்சரும் மக்களால் வந்தவர், ஆளுநரும் மக்களால் வந்தவர் என்றால் இருவருக்கும் மோதல் வரும் என்பது. மோதல் வேண்டாம் என்றுதான் மக்களின் வாக்கை அந்தப் பதவியிடமிருந்து எடுத்தார்கள். வாக்கு போய்விட்டது; மோதல் போயிற்றா?

1952இல், சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை இல்லை. தேர்தலிலே நில்லாத இராசகோபாலாச்சாரியாரை ஆளுநர் மேலவைக்கு நியமித்தார். அவரே முதலமைச்சர் ஆனார். குடியரசின் முதல் தேர்தலிலேயே, இந்த ‘அலங்காரப் பதவி’ என்ன செய்யும் என்பதை இந்த மண் கண்டுகொண்டது. ஆட்டுக்குத் தாடி போல நாட்டுக்கு ஆளுநர் என்று அண்ணா எள்ளினார். தாடியால் ஆட்டுக்குப் பயனில்லை; ஆனால் அந்தத் தாடியைப் பிடித்து ஆட்டை இழுக்கலாம் என்பதைத்தான் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

பாருங்கள் வரலாற்றை. 1967 நவம்பரில் மேற்கு வங்கத்தின் ஐக்கிய முன்னணி அமைச்சரவையை ஆளுநர் தர்மவீரா நீக்கினார். 1969 தேர்தலில் மக்கள் அதே முன்னணியைப் பெரும்பான்மையோடு திருப்பி அனுப்பினார்கள். அந்த அரசு எழுதிய உரையில் பழைய நீக்கத்தைக் கண்டிக்கும் பகுதி இருந்தது. 1969 மார்ச் 6ஆம் நாள் அவைக்கு வந்த அதே தர்மவீரா, அந்தப் பகுதியைத் தாண்டிப் படித்தார். குற்றம் சாட்டப்பட்டவரே குற்றப்பத்திரிகையைப் படிக்க வேண்டிய விந்தை! அவர் தாண்டியதில் வியப்பில்லை. அவரிடம் அதைக் கொடுக்க வைத்த சட்டந்தான் வியப்பு.

சென்னைக்கு வருவோம். 2023 சனவரி 9ஆம் நாள் ஆளுநர் ஆர்.என். இரவி உரை படித்தார். பெரியார், அம்பேத்கர், காமராசர், அண்ணா, கலைஞர் ஆகியோரின் பெயர்கள் வந்த பகுதி படிக்கப்படவில்லை. ‘திராவிட மாடல்’ என்ற சொல் அவர் நாவுக்கு வரவில்லை. அச்சிட்ட உரை மட்டுமே அவைக்குறிப்பில் இடம்பெற வேண்டும் என்று முதலமைச்சர் தீர்மானம் கொண்டுவந்தார். நாட்டுப்பண் இசைக்கும் முன்பே ஆளுநர் வெளியேறினார். 2024 பிப்ரவரி 12ஆம் நாள், உடன்பட இயலாத பகுதிகள் உரையில் உள்ளன என்று கூறிச் சில நிமிடங்களில் முடித்துக்கொண்டார். 2025 சனவரி 6ஆம் நாள், தொடக்கத்தில் நாட்டுப்பண் இசைக்கவில்லை என்று கூறி, உரையைப் படிக்காமலே போய்விட்டார். கேரளத்திலும் 2024 சனவரி 25ஆம் நாள், ஆளுநர் ஆரிப் முகமது கான் உரையின் கடைசிப் பத்தியை மட்டும் படித்து, இரண்டு நிமிடத்துக்குள் முடித்தார்.

பெயரை மறைத்தால் பெரியார் மறைந்துவிடுவாரா? மாட்டார். அந்தக் கவலை நமக்கில்லை. நம் கவலை வேறு. மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் சொல் மக்கள் மன்றத்தை அடைய வேண்டுமானால், நியமனம் பெற்ற ஒருவரின் தொண்டை வழியாகத்தான் வரவேண்டும் என்று எவன் விதித்தான்? வாயில் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டால், அவர் ஒருநாள் அதைத் தாழிடுவார். உரையைத் தாண்டுகிற கை, சட்ட முன்வடிவையும் தாண்டும். 2023 நவம்பர் 13ஆம் நாள் அதே ஆளுநர் பத்து முன்வடிவுகளைத் திருப்பினார்; 18ஆம் நாள் பேரவை அவற்றை மீண்டும் நிறைவேற்றியது; அதன் பிறகும் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கென ஒதுக்கி வைத்தார். அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 8இல் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் கால வரம்பு விதிக்க இயலாது என்று அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 2025 நவம்பர் 20இல் கருத்துரைத்தது. ‘வெறும் சடங்குதானே’ என்று இளித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு நாம் சொல்வது இது: உரைச் சடங்கும் ஒப்புதல் முத்திரையும் ஒரே பதவியின் இரு கைகள். ஒரு கைக்கு மாலை போட்டால் மறு கை வலுப்பெறும்.

‘பொய்யான செய்தி உரையில் இருந்தால் ஆளுநர் அதைப் படிக்கத்தான் வேண்டுமா? அவருக்கும் மனச்சான்று உண்டல்லவா?’ என்று கேட்பவர் உண்டு. நல்ல கேள்வி! ஒரு மனிதனைத் தன் மனத்துக்கு ஒவ்வாததை ஓதச் சொல்வது முறையன்று, ஒப்புக்கொள்கிறோம். ஆகவேதான் சொல்கிறோம், அவரை விடுதலை செய்யுங்கள்! அவர் படிக்கவும் வேண்டாம், தாண்டவும் வேண்டாம், வெளிநடப்புச் செய்யவும் வேண்டாம். அவர் மாளிகையில் அமைதியாக இருக்கட்டும், எழுதியவர்களே படிக்கட்டும்.

இங்கே ஆளுங்கட்சிகளுக்கும், நம் கட்சிகளையும் சேர்த்தே, ஒரு சொல். இந்தச் சடங்கு உங்களுக்கும் இனிக்கிறது! உங்கள் புகழை நீங்களே எழுதி, இன்னொருவர் வாயால் கேட்டு, அதற்கு ‘நன்றி தெரிவிக்கும் தீர்மானம்’ நிறைவேற்றி மகிழ்கிறீர்களே, இதில் சுயமரியாதை எங்கே? உரையில் தந்த உறுதிமொழி நிறைவேறாவிட்டால் யாரைக் கேட்பது? படித்தவரைக் கேட்டால் ‘நான் எழுதவில்லை’ என்பார். எழுதியவரைக் கேட்டால் ‘ஆளுநர் உரையில் பொதுவாகச் சொன்னது’ என்பார். முதலமைச்சரே எழுந்து, ‘சென்ற ஆண்டு இதைச் சொன்னேன், இதைச் செய்தேன், இதைச் செய்ய முடியவில்லை, காரணம் இது’ என்று தம் பெயரில் உரைக்கட்டும். அன்றே, அந்த இடத்திலேயே, எதிர்க்கட்சி எழுந்து கேட்கட்டும். அதுதான் மன்றம்! பொறுப்பை ஏற்க அஞ்சுகிற அரசுதான் புரோகிதரைத் தேடும்.

‘ஆளுநர் உரை இல்லாமல் ஆண்டுக் கூட்டம் எப்படித் தொடங்கும்?’ என்று திகைப்பவர்களுக்குத் தெலங்கானா விடை சொல்லிற்று. 2022 மார்ச்சில், முந்தைய கூட்டத்தொடர் முடித்துவைக்கப்படவில்லை என்ற காரணத்தால், ஆளுநர் உரை இன்றியே அங்கே அவை கூடியது. வரவு செலவுத் திட்டம் வைக்கப்பட்டது. வானம் இடிந்து விழவில்லை. ஆனால் இத்தகைய சந்துவழிகளால் நாம் நிறைவடைய முடியாது. நமக்கு வேண்டியது நேர்வழி.

அந்த நேர்வழியை இந்த மன்றமே ஒருமுறை உலகுக்குக் காட்டியிருக்கிறது. புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல், தீ வளர்க்காமல் ஆணும் பெண்ணும் கைகோத்த திருமணங்களை அன்றைய சட்டம் திருமணம் என்றே ஏற்கவில்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றமும் அவை செல்லா என்றது. ‘சடங்கு இல்லாமல் திருமணமா?’ என்று கேட்டார்கள். ‘பிள்ளைகளின் கதி என்ன?’ என்று மிரட்டினார்கள். 1967இல் அண்ணாவின் அரசு சட்டம் கொண்டுவந்தது. உற்றார், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில், ‘உன்னைத் துணையாக ஏற்கிறேன்’ என்று சொன்னால் போதும். மாலை மாற்றினால் போதும். அது திருமணம் என்றது சட்டம். முன்னே நடந்தவையும் செல்லும் என்றது. புரோகிதர் போனார், திருமணம் போகவில்லை! குடும்பங்கள் தழைத்தன, பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், வாக்களித்தார்கள்.

அதே 1967இல், சூலை 18ஆம் நாள், அதே மன்றத்தில் நாட்டுக்குத் ‘தமிழ்நாடு’ என்று பெயர் சூட்டத் தீர்மானம் நிறைவேறியது. அண்ணா ‘தமிழ்நாடு’ என்று மும்முறை முழங்க, அவை ‘வாழ்க’ என்று மும்முறை எதிரொலித்தது. விழாவை வெறுப்பவர்கள் அல்லர் நாம். அதுவும் விழாதான்! ஆனால் அங்கே சொன்னவர் மக்களால் வந்தவர், எதிரொலித்தவர்கள் மக்களால் வந்தவர்கள், சொன்ன சொல் அவர்களுக்குச் சொந்தமான சொல். விழாவுக்குப் பொருள் அப்படித்தான் வரும்.

பகுத்தறிவு பேசும் இளைஞர்களே! கோயில் வாசலில் நிற்கும் இடைத்தரகனைக் கேள்வி கேட்கக் கற்றீர்கள். கோட்டை வாசலில் வந்து நிற்பவரையும் கேளுங்கள். 176ஆம் விதியைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. 1951இல் திருத்தியும் காட்டியது. ஒவ்வொரு சட்டமன்றமும் அதைக் கோரித் தீர்மானம் இயற்றட்டும். வாக்குக் கேட்டு உங்கள் தெருவுக்கு வரும் ஒவ்வொரு நாடாளுமன்ற வேட்பாளரிடமும், எந்தக் கட்சிக்காரர் ஆனாலும், ‘இந்த விதியை நீக்க நீ கை தூக்குவாயா?’ என்று கேளுங்கள். விடை சொல்லாமல் சிரித்துக்கொண்டு போகிறவரை அடுத்த தெருவுக்குப் போகவிடாதீர்கள், மறுபடியும் கேளுங்கள்.

மணப்பந்தலிலிருந்து புரோகிதரை அனுப்பிவைத்த மன்றம் இது. தன் பந்தலிலும் அதையே செய்யட்டும்.